கையை எடுத்தால் நிமிரும் விமானம்

ரேடியோ கன்ட்ரோல் விமானம் ஓட்டக் கற்க விரும்புகிறவர்களின் கண் முதலில் போய் நிற்பது போர் விமான மாதிரிகள் மீதுதான். அழகுதான், ஆனால் கற்றுக்கொள்ள உதவாது. இறக்கை சிறியது, வேகம் அதிகம். ஒரு நொடி யோசித்தால் மண்ணில் குத்திவிடும். முதல் விமானம் மெதுவாகப் பறக்க வேண்டும், சாய்ந்தால் தானே நிமிர வேண்டும், உடைந்தால் ஒட்டிய கையோடு மறுபடி பறக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவந்த விமானம் ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் நிறுவனம் செய்த ஈஸிஸ்டார். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை சுமார் 1.4 மீட்டர். மோட்டார் மூக்கில் இல்லை. முதுகின் மேல், இறக்கைக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது. அதனால் தலைகுப்புற விழுந்தாலும் மோட்டாரும் ப்ரொபெல்லரும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அதன் இறக்கைகளைக் கவனியுங்கள். நுனிகள் சற்று மேல்நோக்கித் தூக்கியிருக்கும். விமானம் இடப்புறம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது. அங்கே தூக்குவிசை பெருகி, இறக்கை எழுகிறது. ஆகவே போதிய உயரத்தில் இருக்கும்போது குழம்பிப்போனால், மோட்டார் வேகத்தைக் குறைத்து கையிலுள்ள ட்ரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிடலாம். இந்த வடிவம் தரும் பாதுகாப்பை நான் எந்த மின்னணுக் கருவியைவிடவும் மதிக்கிறேன்.

இத்தகைய விமானங்களின் உடலுக்கு ஈ.பி.ஓ. போன்ற ஃபோம். டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோல் விழுந்தால் மணிமணியாக உதிரும், சூப்பர் க்ளூ பட்டால் கரையும். ஈ.பி.ஓ. அழுத்தத்தைத் தாங்கும், உடைந்த இடத்தை அதே க்ளூ சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். பால்சா மரத்தில் வாரக்கணக்காகச் செதுக்கிய விமானம் ஒரே விழுகையில் சிதறிய காலத்தோடு ஒப்பிட்டால், புதியவருக்கு இது பெரிய விடுதலை.

இப்படி மின்சாரத்தில் பறக்கும் மாதிரி விமானம் புதிதல்ல. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயின்' என்ற மாதிரியை 1957 ஜூன் 30 அன்று மின்மோட்டாரில் பறக்கவிட்டார். பேட்டரி வெள்ளியும் துத்தநாகமும் கொண்டது. எடை குறைந்த லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்த பிறகுதான் இது எளிய பொழுதுபோக்காயிற்று.

புதியவரை வீழ்த்துவது திசை. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். உங்களை நோக்கி வரும்போது அதன் இடது உங்கள் வலது! கை பழகும்வரை ஒரு வழி உண்டு: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அது நிமிரும். கணினியில் சிமுலேட்டர் வைத்து இதை மட்டுமாவது பழகிவிட்டு மைதானத்துக்குப் போங்கள்.

பறக்கும் முன் எடைச் சமநிலை பார்க்க வேண்டும். கையேட்டில் குறித்த இடத்தில், இறக்கையின் அடியில் இரு விரல்களால் தாங்கினால் விமானம் மட்டமாக, அல்லது மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் கனத்தால் கட்டுப்படுத்த முடியாது. பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள். பேட்டரி இணைத்த கணத்திலிருந்து ப்ரொபெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம் என்று எண்ணி விரலை விலக்கியே வையுங்கள்.

லித்தியம் பாலிமர் பேட்டரியிடம் அலட்சியம் கூடவே கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. பல நாள் பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அதற்குரிய சார்ஜரில் மட்டும், அருகில் இருந்து சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கலாம். அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தொடுகின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை பறக்கலாம். பிறகு காற்று அடங்கிய விடியற்காலையில், கூட்டமும் மின்கம்பியும் இல்லாத திடலுக்குப் போங்கள். முதல்முறை மட்டும், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.