புகையில் பிறந்து நீருக்கு வந்த மூச்சுக் கருவி

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களின் எச்சங்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதை 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பு வீரர்கள் பதிவுசெய்தார்கள். இப்படி நீரடியில் இறங்குவோர் மூச்சுவிட உதவும் கருவிகளின் வேர் தீயிலும் சுரங்கத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தின் சார்லஸ் டீன் 1823-இல் புகைக்குள் நுழைவதற்காகக் காப்புரிமை பெற்ற தலைக்கவசமே பின்னர் முக்குளிப்புக் கவசமாயிற்று. பிரான்சில் சுரங்கத்துக்காக ரூக்கெரோல் உருவாக்கிய காற்றுச் சீராக்கியை 1864-இல் கடற்படை அதிகாரி தெனெய்ரூஸுடன் சேர்ந்து அவரே நீருக்கு ஏற்றதாக மாற்றினார்.

அப்படியானால் தீயணைப்பு வீரரின் சிலிண்டரோடு கடலில் இறங்கலாமே என்று கேட்கலாம். கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப்போல் இரு மடங்கு. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையாகக் காற்று வந்தால்தான் நெஞ்சு விரியும். தீயணைப்புக் கருவி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வடிகட்டி மட்டும் உள்ள முகமூடியோ ஆக்சிஜன் தராது. வயல் கிணறானாலும், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த முகமூடி உயிர் காக்காது. ஆனால் தீயணைப்பு, முக்குளிப்பு ஆகிய இரு துறைகளும் கட்டாயம் இணைய வேண்டிய இடம் ஒன்று உண்டு: சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசர். அது காற்றை இழுக்கும் இடத்தில் என்ஜின் புகை கலந்தால் கார்பன் மோனாக்சைடும் சிலிண்டருக்குள் போகும். ஆழத்தின் அழுத்தத்தில் அந்த நச்சு மேலும் வலுப்பெறும். ஆகவே கருவிகளை ஒன்றுக்கொன்று மாற்றாமல், தூய காற்றைப் பற்றிய அறிவை இரண்டுக்கும் பொதுவாக்குவதே உண்மையான பாதுகாப்பு.