வன்தட்டில் ஓர் ஒதுக்கிடம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் துறை 1985இலேயே தொடங்கிவிட்டது. கண்டி நகரத்து வீடுகளுக்கும் ரியூசன் வகுப்புகளுக்கும் கம்பியூட்டர் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. தொண்ணூறுகளின் நடுவில் அதில் பழகியவர்களுக்கு 4 அல்லது 8 மெகாபைட் ராம் கொண்ட 486 பொறி நினைவிருக்கும். விண்டோஸ் 3.1இல் இரண்டு மூன்று மென்பொருள்களைத் திறந்தால் போதும், வன்தட்டு கரகரக்கத் தொடங்கும். ராம் நிரம்பியதால், உடனே தேவைப்படாத நினைவகப் பக்கங்களைப் பணிசெயல் முறைமை தட்டுக்கு இறக்கும் சத்தம் அது.

இறக்கிவைக்க இடம் வேண்டுமே! அன்று அதை நாமே அளந்து ஒதுக்கினோம். விண்டோஸ் 3.1இன் நிரந்தர ஸ்வொப் கோப்புக்குத் தட்டில் துண்டுபடாத, தொடர்ச்சியான வெற்றிடம் வேண்டும்; அதற்காக முதலில் டிபிராக் ஓட்டிவிட்டுக் காத்திருப்போம். லினக்ஸ் என்றால் தனிப் பார்ட்டிசன். ராமைப்போல் இரண்டு மடங்கு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பெரஹரா பார்க்கத் தலதா வீதியில் நேரத்தோடு பாய் விரித்து இடம் பிடிப்பதுபோலத்தான் அது: ஆள் வராவிட்டாலும் அந்த இடம் மற்றவருக்கு இல்லை.

அந்த ஒதுக்கீட்டின் உட்பக்கம் எனக்கு இன்றும் பிடித்த கணக்கு. லினக்ஸின் பழைய ஸ்வொப் பகுதியில் முதல் பக்கம் 4096 பைட். கடைசி 10 பைட்டில் அடையாளக் குறி. மீதி 4086 பைட்டில் ஒவ்வொரு பிட்டும் ஒரு பக்கத்தைப் பாவிக்கலாமா என்று சொல்லும். எட்டால் பெருக்கினால் 32,688 பக்கங்கள். பக்கத்துக்கு 4 கிலோபைட் வீதம் ஏறத்தாழ 128 மெகாபைட். ஒரு பகுதியை அதற்குமேல் பெருக்க வழியில்லை. 1999இல் வந்த 2.2 கேர்னலில் அந்தத் தடை நீங்கியது.

இன்று அளவுநாடா நம் கையில் இல்லை. விண்டோஸ் 95 முதலே ஸ்வொப் கோப்பு தேவைக்கேற்ப வளர்ந்து சுருங்குகிறது. 2017இல் வந்த உபுண்டு 17.04, புதிதாக நிறுவும்போது பார்ட்டிசனை விட்டுவிட்டுச் சாதாரணக் கோப்புக்கு மாறியது. விண்டோஸ் 10 பக்கங்களைத் தட்டுக்கு அனுப்புமுன் ராமுக்குள்ளேயே சுருக்கிப் பார்க்கிறது. எஸ்எஸ்டியில் ஊசி ஓடித் தேடும் வேலையும் இல்லை, கரகரப்பும் போய்விட்டது.

ஆனாலும் அளவு பார்க்கவேண்டிய ஓர் இடம் மிச்சமிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டதே, அந்நாட்களில் வேலையை அப்படியே உறையவைத்து (ஹைபர்னேட்) மடிக்கணினியை மூடியவர்கள் பலர். லினக்ஸில் அப்படி உறையவைத்தால் ராமில் உள்ளது ஸ்வொப்பில்தான் போய்ச் சேரும். அங்கே இடம் போதாவிட்டால் உறக்கமும் இல்லை, மீட்பும் இல்லை.

பாவித்த, 4 கிகாபைட் ராம் மடிக்கணினியை வாங்கி வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்டோஸின் பேஜ் கோப்பை, அதாவது ஸ்வொப் கோப்பை, நிறுத்தாதீர்கள். ராம் நிரம்பும் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒப்படையோடு மென்பொருள் மூடிப்போகலாம். அளவைச் சிஸ்டத்திடமே விடுங்கள். சி டிரைவில் மட்டும் தாராளமாக வெற்றிடம் வையுங்கள்.