ஒளியின் வேகத்தில் கிரிவலம்

இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டினால், நடுவில் பருத்து இருபுறமும் கூர்த்த ஓர் உருளை கிடைக்கும். அதை உருட்டிவிட இரண்டு தண்டவாளங்கள்; ஒரு முனையில் நெருங்கித் தாழ்ந்திருக்கும், மறுமுனையில் விரிந்து உயர்ந்திருக்கும். தாழ்ந்த முனையில் உருளையை வைத்துக் கையை எடுத்தால் அது தானாக மேட்டில் ஏறும். அறிவியல் மையங்களில் இந்த மேசையை விட்டுப் பிள்ளைகள் லேசில் நகரமாட்டார்கள். எடுத்து எடுத்துக் கீழே வைப்பார்கள். அது ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு பிள்ளை குனிந்து பக்கவாட்டில் பார்க்கும். தண்டவாளம் விரிய விரிய, உருளையின் பருத்த நடுப்பகுதி இடைவெளியில் அமிழ்கிறது. அதன் எடைமையம் உண்மையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படிக் குனிய வைப்பதுதான் அறிவியல் மையத்தின் வேலை என்று நான் நம்புகிறேன். விடையைப் பலகையில் எழுதி வைத்திருந்தால் யாரும் குனிந்திருக்க மாட்டார்கள்.

1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். கையில் கிடைத்த பொருளை வைத்துப் பாடம் நடத்திய அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது, எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்ற அவருடைய கூடம். நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இலேயே திறக்கப்பட்டது. 1965-இல் காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் 1987-இல் வந்தது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கே போகிறது.

மையம் மக்களைத் தேடிப் போகலாம் என்றால், மக்கள் தாங்களாகவே திரளும் இடத்தில் அது ஏன் இருக்கக் கூடாது? திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இந்திரன் முதல் ஈசானியன் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பதால், பாதையே ஒரு பெரிய திசைகாட்டி. ஒரு நாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, சூரியக் குடும்பத்தை இந்தப் பாதையில் அடக்கிப் பார்த்தேன்.

சூரியனிலிருந்து நெப்டியூன் சுமார் 450 கோடி கிலோமீட்டர். அதை 14 கிலோமீட்டராகச் சுருக்கினால், நாம் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் 32 கோடி கிலோமீட்டர். நேர்கோட்டை மலையைச் சுற்றி வளைத்துப் போடுகிறோம், அவ்வளவுதான். ராஜகோபுரத்தின் முன் சூரியன்: 4.3 மீட்டர் குறுக்களவுள்ள பந்து. 66 மீட்டர் கோபுரத்தின் கீழே அது சிறிதாகத்தான் தெரியும். கிழக்கிலிருந்து தெற்காக நடந்தால் 180 மீட்டரில் புதன், 337-இல் வெள்ளி, 466-இல் நம் பூமி, ஓர் எலுமிச்சை அளவுக்கு. நிலா ஒரு சுண்டைக்காய். எலுமிச்சையிலிருந்து அதன் தூரம் நாலு அடி. மனிதர் இதுவரை போய்வந்த தொலைவெல்லாம் அந்த நாலு அடிக்குள் முடிந்துவிடுகிறது.

பௌர்ணமியில் சுண்டைக்காயை எங்கே வைப்பது? சூரியனுக்கு எதிர்ப்புறம், அதாவது நடக்கும் திசையில் நாலு அடி முன்னால். அமாவாசைக்கு நாலு அடி பின்னால். கார்த்திகை தீபத்தன்று மாலையில் மேற்கே சூரியன் மறைய, கிழக்கே முழுநிலா எழுகிறதே, அதன் காரணம் இந்த எட்டு அடிக்குள் இருக்கிறது. தரையில் வைத்துக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

செவ்வாய் 710 மீட்டரில் வந்துவிடும். அதற்கப்புறம் கோள் எதுவும் இல்லாமல் 1.7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதன் பின்தான் வியாழன். பாடப்புத்தகப் படத்தில் விரற்கடை இடைவெளியில் இருக்கும் அந்த வெறுமையைக் கால்தான் சரியாகச் சொல்லும். சனி 4.5 கிலோமீட்டரில். யுரேனஸ் ஏறத்தாழ 9-இல். அதற்குள் மலையின் மேற்குப் பக்கத்தைத் தாண்டியிருப்போம். அங்கிருந்து வடமேற்கே ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்தபோது, வானியலாளர் வைணு பாப்புவின் குழு அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால் கவனித்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்த இரவு அது. அதைப் பார்த்த கண்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸ் நிற்கும் இடத்தில் இந்தச் சேதியை எழுதி வைத்தால், நடப்பவர் ஒருமுறையாவது அந்தத் திசைக்குத் திரும்பிப் பார்ப்பார்.

ஸ்வீடனில் இப்படி ஒரு மாதிரியைச் செய்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் உருண்டை அரங்கம்தான் அவர்களுடைய சூரியன். ஆனால் நம் பாதையில் ஒன்று தானாக அமைந்திருக்கிறது. கணக்கு முடிந்தபோது நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, இந்த அளவில் நொடிக்கு 93 சென்டிமீட்டர் போகிறது. கூட்டத்தில் நிதானமாக நடப்பவரின் வேகம் அது. கோபுர வாசலிலிருந்து எலுமிச்சைக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சூரிய ஒளி பூமிக்கு வர எடுக்கும் நேரமும் அதுவே. வியாழனுக்கு 43 நிமிடம். சுற்றி முடித்து நெப்டியூனை அடைய 4 மணி 10 நிமிடம். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டி, அந்த மாதிரிக்குள் ஒளியோடு ஒளியாக நடந்து வருகிறார். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை எட்ட 12 ஆண்டுகள் ஆயின.

கோபுரத்துக்குத் திரும்பியதும் பிள்ளைகள் கேட்பார்கள்: அடுத்த விண்மீன் எங்கே? பிராக்சிமா சென்டாரி, இதே அளவில், 1,25,000 கிலோமீட்டருக்கு அப்பால். பூமியை மூன்று முறை வலம் வரும் தூரம். எங்கும் உட்காராமல், தூங்காமல், இதே நடையில் போனால் நாலேகால் ஆண்டு.