மலைப்பனி என்னும் வைப்புநிதி

குளிர்காலத்தில் மலைகளில் சேரும் பனி, இயற்கை நமக்காக இட்டுவைக்கும் நிலை வைப்பு போன்றது. கோடையில் அது உருகி, முதிர்வுத் தொகையாக ஆறுகளை வந்தடைகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பாசனமும் மின்சாரமும் பெரிதும் இப்பனியையே நம்பியுள்ளன. அந்த இருப்பைச் சற்றே உயர்த்தும் முயற்சிதான் குளிர்கால மேக விதைப்பு.

மலைமேல் எழும் மேகங்களில், வெப்பநிலை சுழிக்குக் கீழ் சென்ற பின்னும் உறையாத நுண்ணிய நீர்த்துளிகள் உண்டு. உறைவதற்குப் பற்றுக்கோடாக ஏற்ற துகள் கிடைக்காமையே இதற்குக் காரணம். வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்தது. அதன் துகள்கள் மேகத்தில் கலந்தால், அவற்றைச் சுற்றிப் பனிப்படிகங்கள் தோன்றி, வளர்ந்து, கனத்து, தரையில் விழுகின்றன. 1946-இல் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைக் கொண்டும், பெர்னார்ட் வானகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் இதற்கு வழிகாட்டினர். இன்று மலைச்சரிவுகளில் நிறுவிய எரிகலன்களிலிருந்தும் விமானங்களிலிருந்தும் இத்துகள்கள் புகையாக வெளியிடப்படுகின்றன.

இதனால் உண்மையில் பலன் உண்டா? விதைக்காதிருந்தால் அதே மேகம் எவ்வளவு பொழிந்திருக்கும் என்பதை அறிவது கடினம். ஆகவே இக்கேள்வி நெடுங்காலம் தீரவில்லை. 2017 ஜனவரியில் ஐடஹோ மாநிலத்தின் பயெட் ஆற்றுப் படுகையில் நடந்த ஆய்வு இதில் ஒரு திருப்பம். ஜனவரி 19 அன்று விமானம் 20 நிமிடம் விதைத்தது. அது சென்ற தடத்தை ஒட்டியே பனிப்பொழிவு உருவானதை ரேடார் காட்டியது. 67 நிமிடம் பெய்த அப்பனியின் நீர் சுமார் 12 கோடி லிட்டர். அம்மாதம் இவ்வாறு அளவிடப்பட்ட மூன்று நிகழ்வுகளிலும் சேர்த்துச் சுமார் 70 கோடி லிட்டர் நீர் கிடைத்தது.

ஆய்வில் பங்கேற்ற ஐடஹோ பவர் என்னும் மின் நிறுவனத்திற்கு இந்நீரின் மதிப்பு பெரிது. பயெட் ஆறு ஸ்னேக் ஆற்றில் கலந்தபின் அந்நிறுவனத்தின் பிரவுன்லீ, ஆக்ஸ்போ, ஹெல்ஸ் கேன்யன் அணைகளை வரிசையாகக் கடக்கிறது. ஒரே நீர் மும்முறை மின்சாரம் தருகிறது.

ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். வயோமிங் மாநிலத்தில் 2014 வரை நடந்த ஆய்வு, விதைப்புக்கு உகந்த புயல்களில் பனிப்பொழிவு 5 முதல் 15 விழுக்காடு வரை கூடலாம் என மதிப்பிட்டது. ஆனால் குளிர்காலப் பொழிவில் சுமார் 30 விழுக்காடே அத்தகைய புயல்களிலிருந்து வருகிறது. அதாவது, பருவத்தின் மொத்தப் பொழிவு 100 பங்கு எனில், அவை அனைத்திலும் விதைத்தாலும் கூடுவது ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கரைப் பங்கு மட்டுமே.

மேக விதைப்பு மேகத்தைப் படைப்பதில்லை. வந்த மேகத்திலிருந்து சற்றுக் கூடுதலாகப் பெற்றுத் தருகிறது. வறட்சி ஆண்டில் மேகங்களே அரிது என்பதால், மிகத் தேவையான காலத்தில் அதன் கை தாழ்ந்துவிடும். எனவே, நல்ல ஆண்டுகளில் விதைத்துப் பெற்றதை அணைகளில் சேமிப்பதே அறிவுடைமை. விதைப்பு தருவது கூடுதல் வட்டி. அசலைத் தருவது இயற்கையே.