தெருவின் விலை: நோபல் பார்க், அன்றும் இன்றும்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் வீடு பார்க்க வரும் தமிழர் இன்று கேட்பது மூன்று கேள்விகள். ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? பின்வளவில் இன்னொரு வீடு கட்ட இடம் இருக்கிறதா? எழுபது வருடங்களுக்கு முன் இதே தெருக்களில் காணி வாங்க வந்தவர்களுக்கு வேறொரு கேள்விதான் முதலில் வந்தது. தெரு போட்டாயிற்றா? போட்டிருந்தால் அந்தக் காசைக் கட்டி முடித்தாயிற்றா? அந்தக் காலத்து மெல்பேர்ன் வீட்டு விளம்பரங்களில் அறைகளின் கணக்கோடு, தெரு போட்டுப் பணமும் கட்டியாயிற்று என்ற செய்தியும் இருக்கும். அது இல்லையென்றால் வாங்குகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

ஏனென்றால் வீட்டுக்கு முன்னால் போகும் தெரு அப்போது வீட்டுக்காரரின் கடன்.

அன்று: முகப்பு அடிக்கு இவ்வளவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்லி என்பவர் தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார். மகனின் பெயர் நோபல்; ஊருக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. 1913இல் ரயில் நிலையம் வந்தது. அதன் பிறகும் பல வருடங்களுக்கு இது டண்டினோங் ஷயரின் ஓரத்தில் கிடந்த தோட்டப் பூமிதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. டண்டினோங்கில் 1952இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், 1955இல் ஹைன்ஸ், 1956இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஹோல்டன் என்று தொழிற்சாலைகள் வரிசையாகத் திறந்தன. வேலைக்கு வந்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் உட்பட, சுற்றுப்புறத்தில் காணி வாங்கிப் பலகை வீடு கட்டினார்கள். 1955இல் டண்டினோங்கிலிருந்து பிரிந்து ஸ்பிரிங்வேல் அண்ட் நோபல் பார்க் என்ற தனி ஷயர் உருவானது. ஆறே வருடத்தில், 1961இல், அது ஸ்பிரிங்வேல் மாநகரமானது.

புதிய நகராட்சியின் கையில் இருந்தவை சேற்றுத் தெருக்களும் சின்ன வருமானமும். மழைக்காலத்தில் ரொட்டி வண்டி தெருமுனையோடு நின்றுவிடும். எல்லாத் தெருவையும் பொதுப் பணத்தில் போடுவது நடவாத காரியம். விக்டோரியாவின் உள்ளூராட்சிச் சட்டம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நிலத்தைப் பிரித்து விற்றவர் தெரு போடாமல் போய்விட்டால், கவுன்சிலே போட்டுக் கொடுத்துவிட்டு, செலவை அந்தத் தெருவைப் பார்த்த காணிக்காரர்களிடம் அறவிடலாம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். கவுன்சில் பொறியியலாளர் வந்து மட்டம் பார்ப்பார். தார், சிமென்ட் ஓரக்கட்டு, மழைநீர்க் குழாய், நடைபாதை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு போடுவார். வந்த தொகையைக் காணிகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். பெரும்பாலும் முகப்பு நீளம்தான் அளவுகோல். ஐம்பது அடி முகப்பு இருந்தால் ஐம்பது அடிக்குரிய பங்கு. கடிதம் வீடு தேடி வரும். ஆட்சேபணை இருந்தால் எழுதலாம். முடிவானபின் ஒரே தடவையாகவோ, வட்டியோடு தவணையாகவோ கட்டவேண்டும். கட்டாத பாக்கி காணியின்மேலேயே நிற்கும். வீட்டை விற்கிற நாளில் அதைத் தீர்க்கவேண்டி வரும்.

மூலை வீட்டுக்காரர் பாடுதான் பெரும்பாடு. முன்வாசல் ஒரு தெருவில், பக்கவேலி மற்றத் தெருவில். முன்வாசலுக்கு முழுப் பங்கு கட்டிய பிறகு, பக்கவேலிக்கும் ஒரு பங்கு கேட்டுக் கடிதம் வரும். வேலியில் ஒரு கதவுகூட இல்லை, அந்தத் தெருவால் எனக்கு என்ன பயன் என்று அவர் கேட்டால், அதிலும் நியாயம் உண்டு. கார் வைத்திருந்தவர் தெரு எப்போது வரும் என்று துடித்தார். சைக்கிளில் பக்டரிக்குப் போனவர் வீட்டுக் கடன் முடியட்டும் என்று தள்ளிப்போடப் பார்த்தார். இருவருக்கும் இடையில் ஒரே வேலி.

கழிவுநீர் விஷயத்திலும் இதே இழுபறி. மெல்பேர்ன் விளிம்பில் வீடுகள் முளைத்த வேகத்துக்குக் குழாய் பின்தொடரவில்லை. வளவின் கோடியில் கழிப்பறை, அதைக் காலி செய்ய இரவில் வரும் வண்டி என்ற வாழ்க்கை பல புறநகர்களில் வருடக்கணக்காக நீடித்தது. 1972 தேர்தலில், வென்று பிரதமரான கஃப் விட்லம் புறநகர்களின் சாக்கடையைத் தேசியப் பிரச்சினையாக்கினார். அடுத்த வருடமே அதற்குக் கன்பராவிலிருந்து பணம் வரத் தொடங்கியது. வீட்டு வாசலில் தொடங்கிய கணக்கு முதல் தடவையாக நாட்டின் கஜானா வரை போனது.

இன்று: ஒரே கடிதத்தில் எல்லாம்

1994 டிசம்பரில் ஸ்பிரிங்வேலும் டண்டினோங்கும் இணைக்கப்பட்டு கிரேட்டர் டண்டினோங் மாநகரம் பிறந்தது. ஜெப் கெனட் அரசு விக்டோரியாவின் 210 கவுன்சில்களை 78 ஆகச் சுருக்கிய காலம் அது. நோபல் பார்க்கில் இன்று தார் போடாத தெருவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தெருவுக்கென்று யாருக்கும் தனிக் கடிதம் வருவதில்லை. வருவது ரேட்ஸ் எனும் கவுன்சில் வரிக்கான நோட்டீஸ் மட்டும்.

அதை ஒருமுறை ஆற அமர வாசித்தால் விஷயம் புரியும். மேலே உங்கள் வீட்டின் பெறுமதி மூன்று விதமாக இருக்கும்: நிலத்துக்கு மட்டும் ஒன்று, நிலமும் கட்டடமும் சேர்த்து ஒன்று, வருட வாடகைக் கணக்கில் ஒன்று. ரேட்ஸ் கணக்கிடுவது இரண்டாவதை வைத்து. ஒரு டொலர் பெறுமதிக்கு இத்தனை சதம் என்று கவுன்சில் வருடந்தோறும் தீர்மானிக்கும். வீட்டுக்கு ஒரு வீதம், தொழிற்சாலைக்கு அதைவிடக் கூடிய வீதம். கீழே குப்பைத் தொட்டிகளுக்கான கட்டணம். அதற்கும் கீழே தீயணைப்புக்கான வரி. அந்தப் பணம் கவுன்சிலுக்குச் சேராது. மாநில அரசுக்காக வசூலித்துக் கொடுக்கிறார்கள். 2009 காட்டுத்தீ விசாரணை ஆணையத்தின் பரிந்துரைப்படி 2013 முதல் இது காப்புறுதிக் கட்டணத்திலிருந்து சொத்தின்மேல் ஏறியது. 2025 ஜூலையிலிருந்து அவசர சேவைகளையும் தொண்டர்களையும் சேர்த்து விரிந்திருக்கிறது.

தண்ணீர் பில்லிலும் இரண்டு வரிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஆறு, ஓடை, பெருவடிகால்களுக்காக மெல்பேர்ன் வாட்டருக்குப் போவது. மற்றது பெரிய பூங்காக்களுக்கானது. இந்தப் பூங்காக் கட்டணத்தின் வேர் 1958இல் தொடங்கிய மாநகர மேம்பாட்டு வரியில் இருக்கிறது. பூங்கா வீட்டு முன்னால் இருக்கவேண்டியதில்லை, மாநகரத்தில் இருந்தால் போதும், எல்லோரும் கட்டலாம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. தெருவுக்கு அது வர இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

வீட்டு விலை ஏறினால் கவுன்சிலுக்குக் கொள்ளை வருமானம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. 2016–17 முதல் மாநில அரசு ரேட்ஸ் உயர்வுக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதல் வருடம் 2.5 சதவீதம், 2025–26இல் 3 சதவீதம். 2019 முதல் வருடந்தோறும் நடக்கும் மறுமதிப்பீடு, கவுன்சில் வசூலிக்கும் மொத்தப் பானையைப் பெரிதாக்காது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் மாற்றும். நகரம் முழுதும் பத்து சதவீதம் ஏறி, உங்கள் வீடும் பத்து சதவீதம் ஏறினால் உங்கள் பங்கில் மாற்றமில்லை. உங்கள் வீடு மட்டும் இருபது ஏறினால் பங்கு கூடும், இன்னொருவருடையது குறையும்.

இந்த இடத்தில்தான் நோபல் பார்க் ஸ்டேஷன் கதைக்குள் வருகிறது. ஹீதர்டன் ரோட்டில் கேட் விழுந்தால் பஸ்ஸும் காரும் வரிசைகட்டி நிற்பது முன்பு அன்றாடக் காட்சி. கோல்ஃபீல்டிலிருந்து டண்டினோங் வரை ஒன்பது ரயில் கடவைகளை நீக்கும் 1.6 பில்லியன் டொலர் திட்டத்தில் ஹீதர்டன், காரிகன், சாண்ட்லர் ரோடுகளின் கடவைகளும் போயின. 2018இல் ரயில் வானத்தில் ஏறியது, ஸ்டேஷன் புதிதானது. பாதையோரம் கோல்ஃபீல்ட் வரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி வந்தது.

அன்றைய முறைப்படி பார்த்தால் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்குக் கடிதம் வந்திருக்கவேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. செலவு முழுதும் மாநில அரசினுடையது. எங்கோ திராட்சை விளைகிற மில்டியூராவில் இருப்பவரும் இந்தப் பாலத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அதனால் வீட்டு விலை கூடியிருந்தால் அந்த லாபம் வீட்டுக்காரருக்கே. திருப்பிக் கொடுப்பது ரேட்ஸ் பங்கில் ஏறும் சில டொலர்கள் மட்டும். சிட்னி துறைமுகப் பாலம் கட்டியபோது அப்படி விடவில்லை. பாலத்தால் நில மதிப்பு ஏறப்போகிற பகுதிகளின் காணிக்காரர்களிடம் 1923 முதல் 1937 வரை தனி வரி வாங்கினார்கள். இன்றும் விக்டோரியா அரசு 2023 ஜூலை முதல், நிலத்தின் வகைப்பாடு மாறி மதிப்பு ஒரு லட்சம் டொலருக்கு மேல் ஏறினால் அதில் பங்கு கேட்கிறது. ரயில் வந்ததால் ஏறிய மதிப்புக்கு நோபல் பார்க்கில் யாரும் பங்கு கேட்கவில்லை.

பின்வளவில் வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் பழைய வாசனை இன்னும் வீசும். பழைய பலகை வீட்டை இடித்து மூன்று யூனிட் கட்டிப் பிரித்தால், பொதுத் திறந்தவெளிக்காக நிலப் பெறுமதியில் ஒரு பங்கைக் கவுன்சில் கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் நிலப்பிரிப்புச் சட்டத்தில் அதன் பொது வரம்பு 5 சதவீதம். முன்பு ஒரு ரேட்ஸ் கடிதம் போன விலாசத்துக்கு இப்போது மூன்று போகும்.

பழைய முறை செத்துவிட்டதா?

இல்லை, பல் பிடுங்கிய நிலையில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 163ஆம் பிரிவு விசேட கட்டணத்தை இன்னும் அனுமதிக்கிறது. ரேட்ஸ் உச்சவரம்பும் அதற்குப் பொருந்தாது. ஆனால் பொதுமக்களுக்கு எவ்வளவு பயன், காணிக்காரருக்கு எவ்வளவு பயன் என்று கவுன்சில் முதலில் பிரித்துக் காட்டவேண்டும்; காணிக்காரரின் பங்குக்கு மேல் கேட்க முடியாது. செலவில் மூன்றில் இரண்டுக்கு மேல் வசூலிக்கும் திட்டமென்றால், பாதிக்கு மேற்பட்டோர் ஆட்சேபித்த மாத்திரத்தில் அது விழுந்துவிடும். சில விதிவிலக்குகள் உண்டு. அதன் பிறகும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதே ரயில் பாதையில் பேக்கன்ஹம் பக்கம் போனால் இந்த முறையை நேரில் பார்க்கலாம். கார்டினியா ஷயரின் மலைப்பகுதி மண் தெருக்களுக்கு 2019இல் மத்திய அரசு 150 மில்லியன் டொலர் அறிவித்தது. காணிக்காரர் பங்கை 7,000 டொலருக்கு மேல் போகாமல் கவுன்சில் நிறுத்தியது. மூன்று பக்கமும் சேர்ந்து இழுத்ததால் தேர் நகர்ந்தது.

நம் ஊரிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் நகராட்சி. 1996இல் தலைவரான ஆர். எஸ். பாரதி காலத்தில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். நகராட்சியை நம்பி யார் முன்பணம் தருவார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். தெருத்தெருவாகப் போய்ப் பேசினார்கள், சனங்கள் கட்டினார்கள், சாக்கடையும் வந்தது. வருடாவருடம் சோலைவரியோ வீட்டு வரியோ கட்டும்போது வராத கேள்விகள், என் 5,000 ரூபாய் எங்கே என்று கேட்கும்போது தானாக வந்தன.

அன்றைய நோபல் பார்க் முறையின் பலமும் அதுதான். தன் ஐம்பது அடிக்குக் காசு கட்டியவர் தாரின் தடிப்பையும் வாய்க்காலின் சரிவையும் நின்று பார்த்தார். அதற்காக அந்த முறை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகக் கடன் எடுத்து வீடு கட்டிய தொழிலாளி, ஊரே ஓடும் தெருவுக்குத் தனியாகச் சுமை தூக்கியது அநியாயம். பொதுப் பானையிலிருந்து செலவழிப்பதே சரி. ஆனால் பொதுப் பானையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதே இன்றைய குறை. அந்தக் காலத்துத் தெருவாசி தன் பங்கை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். நாம் பேங்கிலிருந்து தானாகப் போகவிட்டு மறந்துவிடுகிறோம்.

எனவே நோட்டீஸ் வந்தால் பெறுமதியைப் பாருங்கள். தவறென்று தோன்றினால் இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். கவுன்சில் அடுத்த வருட பட்ஜெட் வரைவை வெளியிடும்போது, உங்கள் தெருவின் வடிகால் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லையே என்று தயங்கவேண்டாம். விக்டோரியாவில் ஒரு கவுன்சில் எல்லைக்குள் குடியிருந்து அங்கே ரேட்ஸ் கட்டும் வீட்டுக்காரர், அவுஸ்திரேலியக் குடிமகனாக இல்லாவிட்டாலும், விண்ணப்பித்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். அடுத்த தேர்தல் 2028 அக்டோபரில்.