பாட்டரியைப் பிடுங்கிய பிறகும் கனலும் கம்பி

தி. நகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பையனுக்கு வாங்கிக் கொடுத்த நைட்ரோ ரேடியோ கன்ட்ரோல் கார் பொங்கல் விடுமுறையில் பிரமாதமாக ஓடியது. மே மாதம் எடுத்தால் புகையைக் கக்குகிறது, இழுவை இல்லை, நின்று நின்று போகிறது. நைட்ரோ சதவீதம் கூடுதலான எரிபொருள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? இன்னொரு சந்தேகம்: ஸ்டார்ட் ஆனதும் பிளக்கிலிருந்து பாட்டரியைப் பிடுங்கிவிடுகிறோமே, அதன் பிறகு பிளக்கை எரிய வைப்பது எது?”

முதலில் இரண்டாவது சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். அது தீர்ந்தால் முதல் கேள்விக்கான விடை தானாகவே வந்துவிடும்.

இந்த எஞ்சின் யமஹா ஆர்எக்ஸ் 100 போல டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆனால் அளவு 3.5 சிசி, சில மாடல்களில் 2.1 சிசி. நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். பைக்கில் இருக்கும் இக்னிஷன் காயில், சிடிஐ எதுவும் இதில் கிடையாது. சிலிண்டர் தலையில் குளோ பிளக் என்று ஒன்று மட்டும் திருகப்பட்டிருக்கும். அதன் வயிற்றில் மெல்லிய கம்பிச்சுருள். ரோடியமோ இரிடியமோ கலந்த பிளாட்டினம். ஒன்றரை வோல்ட் மின்கலத்தை அதில் செருகினால் கம்பி செஞ்சூடு ஏறும், எஞ்சின் பற்றிக்கொள்ளும். பிறகு மின்கலத்துக்கு வேலை இல்லை.

ஏன் இல்லை? எரிபொருளின் பெரும்பகுதி மெத்தனால். மெத்தனால் ஆவியும் ஆக்சிஜனும் வெறும் காற்றில் சந்தித்தால் நல்ல சூடு இருந்தால்தான் எரியத் தொடங்கும். அதே இரண்டும் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு சந்தித்தால், அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே, சுடர் இல்லாமலேயே வினைபுரிகின்றன. அந்த வினையில் பிறக்கும் வெப்பம் கம்பிக்கே போகிறது. கம்பி சூடாக இருப்பதால் வினை நடக்கிறது, வினை நடப்பதால் கம்பி சூடாக இருக்கிறது. பிளாட்டினமோ செலவாவதே இல்லை. இதற்கு மேல் ஒவ்வொரு வெடிப்பின் வெப்பமும் வந்து சேர்கிறது. 30,000 சுற்றில் நொடிக்கு 500 வெடிப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள் கம்பி ஆறிவிட முடியாது. மெத்தனாலுக்குப் பதில் பெட்ரோலை ஊற்றினால் இந்தக் கூட்டணி உடைந்துவிடும். மின்கலத்தை எடுத்த மாத்திரத்தில் எஞ்சின் அடங்கும். உஸ்மான் ரோட்டில் நெரியும் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்வதும் இதே உலோகக் குடும்பம், இதே குணம்தான்.

இந்தச் சின்ன எஞ்சினில் என்னை மிகவும் மகிழ்விக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. பைக்கில் எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு கருவி உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. கலவை எப்போது பற்ற வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன: கம்பியின் சூடு, பிஸ்டன் நெருக்கும் அழுத்தம், கலவையில் எரிபொருளுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம். மெத்தனால் ஆவியாகும்போது கிலோவுக்கு சுமார் 1,100 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் உறிஞ்சுவதைப் போல மூன்று மடங்கு. எரிபொருள் கூடினால், அதாவது மெக்கானிக்குகள் சொல்வதுபோல ‘ரிச்’ ஆனால், கம்பி குளிர்ந்து தீ தாமதமாகப் பிடிக்கும். எரிபொருள் குறைந்து ‘லீன்’ ஆனால், கம்பி கனன்று தீ முந்திக்கொள்ளும். கார்புரேட்டர் நீடிலைத் திருகும்போது எரிபொருளின் அளவோடு இக்னிஷன் டைமிங்கும் நம் கையில் திரும்புகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். தேங்காய்ச் சிரட்டையை முதலில் அடுப்பில் காட்டிப் பற்றவைக்கிறோம். பாட்டரி வேலை அதுதான். தணல் பிடித்துவிட்டால் அடுப்பு வேண்டாம். ஆசையில் சாம்பிராணிப் பொடியை அள்ளிக் கொட்டினால் வீடு முழுக்கப் புகை வரும், அடியில் தணல் அவிந்துவிடும். அது ரிச். பொடியே போடாமல் விசிறிக்கொண்டே இருந்தால் தணல் பளபளவென்று ஜொலித்து, பார்க்க அழகாக இருந்து, சீக்கிரமே சாம்பலாகும். அது லீன். அளவாகப் போட்டு அளவாக விசிறினால் மணமும் நிற்கும், தணலும் நிற்கும். ஐப்பசி மழையில் சிரட்டை நமத்திருந்தால் அதே கைக்கு அதே பொடி அதிகமாகப் படும். அதற்குத் தகுந்தாற்போல் கையைக் குறைக்க வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: தணல் தன்னையே தின்று எரிகிறது, பிளாட்டினம் தன்னைத் தின்பதில்லை. ஆனாலும் லீனில் ஓடும் எஞ்சினில் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் கம்பி நெளிந்து, கடைசியில் அறுந்து போகும். விசிறி விசிறியே தணலைத் தீர்ப்பதும் ஏறக்குறைய அதுதான்.

வரலாறு தேவைப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக: பிளாட்டினம் கம்பி எரிவாயுவில் சுடரில்லாமல் கனன்றுகொண்டே இருப்பதை ஹம்ஃப்ரி டேவி 1817-ல் எழுதினார். ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின் மேல் பாய்ச்சித் தீ வரவழைத்தவர் டோபரைனர், 1823-ல். குளோ பிளக்கை 1947-ல் கடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ரே ஆர்டன். அதுவரை மாதிரி விமானங்கள் காயில், கன்டென்சர், பாட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் பறந்தன. இதற்கு மேல் தெரியாவிட்டாலும் எஞ்சின் ஓடும்.

இனி வாசகரின் காருக்கு வருவோம். கார்புரேட்டருக்குள் போகும் காற்றின் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. அதில் உள்ள ஆக்சிஜன்தான் மாறுகிறது. சென்னையில் ஜனவரி விடியற்காலை 21 டிகிரி என்றும், மே மாத முற்பகல் 37 டிகிரி என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், ஜனவரிக் காற்றில் லிட்டருக்கு சுமார் 6 சதவீதம் ஆக்சிஜன் கூடுதல். பொங்கலில் வைத்த நீடிலை அப்படியே வைத்து மே மாதம் ஓட்டினால், எரிபொருள் அதே அளவு வரும், அதை எரிக்க ஆக்சிஜன் போதாது. கலவை ரிச் ஆகிறது. புகையும் மந்தமும் அதனால் வந்தவை. நீடிலைச் சற்று உள்ளே திருகி எரிபொருளைக் குறைத்தாலே போதும். ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது: மே மாதம் சரிசெய்த நீடிலோடு மார்கழிக் காலையில் ஓட்டினால் எஞ்சின் லீனில் ஓடிச் சூடேறிப் பாழாகும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான சலுகை உண்டு. அடையாறு, மயிலாப்பூர் பக்கம் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும். 37 டிகிரி 32-க்கு இறங்குகிறது என்று கொள்வோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆக்சிஜன் ஒன்றரை சதவீதம் கூடும். ஆனால் கடற்காற்று நீராவியையும் சுமந்து வருகிறது. அந்த நீராவி காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டு சுமார் ஒரு சதவீதம் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். வரவும் செலவும் கழிந்து அரை சதவீதம்தான் மிச்சம். நமக்கு உடம்பு கசகசக்கிறது; எஞ்சினுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. அதே காரை லீவுக்கு ஊட்டிக்கு எடுத்துப் போனால் கதை வேறு. 2,200 மீட்டர் உயரத்தில், சென்னையின் மே மாதக் காற்றோடு ஒப்பிட்டாலும், ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு.

டியூனிங் வரிசை இது. முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆறிய எஞ்சினை டியூன் செய்வது வீண் வேலை. பிறகு முழு வேகத்துக்கான ஹை ஸ்பீட் நீடில். ரிச்சில் தொடங்கி, எட்டில் ஒரு சுற்றாக உள்ளே திருகிக்கொண்டே வாருங்கள். முழு வேகத்தில் இழுவை சுத்தமாக இருக்க வேண்டும். பின்னால் மெல்லிய நீலப் புகைக்கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். புகை மறைந்தால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். சிலிண்டர் தலையின் வெப்பம் 100 முதல் 120 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: மூன்று நான்கு நொடியில் கொதித்து மறைந்தால் சரி, விழுந்ததும் துள்ளிப் பறந்தால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது லோ ஸ்பீட் நீடில். ஐடிலில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நெரித்துப் பாருங்கள். சுற்று லேசாக ஏறி இரண்டு மூன்று நொடியில் நின்றால் சரி. உடனே நின்றால் லீன். வெகுநேரம் ஏறிக்கொண்டே போய் நின்றால் ரிச். ஐடில் ஸ்க்ரூ கடைசி. பிளக்கைச் சோதிக்க எளிய வழி, ஐடிலில் மின்கலத்தைப் பிடுங்குவதுதான். சுற்று இறங்கினால் கம்பி தளர்ந்துவிட்டது அல்லது கலவை மிகவும் ரிச். கழற்றிப் பார்க்கும்போது கம்பி ஈரமாகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்து நெளிந்திருந்தால் லீனில் ஓட்டியிருக்கிறீர்கள்.

லீனில் ஓடும் எஞ்சின் சத்தம் காதுக்கு மிக இனிமையாக இருக்கும், வேகமும் கூடும். அந்த இனிமையை நம்பித்தான் பலர் எஞ்சினைத் தொலைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் வருவதும் எரிபொருளோடுதான். எரிபொருளைக் குறைத்தால் மசகும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது, தீயும் முந்துகிறது. மூன்று கேடும் ஒரே திருகலில் வருகின்றன.

நைட்ரோவைக் கூட்டும் யோசனைக்கு வருவோம். சினிமாவில் பட்டனைத் தட்டியதும் கார் பறக்குமே, அந்த சிலிண்டரில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. நம் எரிபொருளில் கலந்திருப்பது நைட்ரோமீத்தேன், வேறு பொருள். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிய வெளிக்காற்று குறைவாகவே வேண்டும்: கிலோவுக்கு 1.7 கிலோ காற்று. மெத்தனாலுக்கு 6.4 கிலோ. சம அளவு காற்றில் எரித்தால் நைட்ரோமீத்தேன் தரும் ஆற்றல் மெத்தனாலைப் போல இரு மடங்குக்கும் மேல். பெருமை பேசுகிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். டப்பாவில் இருப்பது 25 சதவீதம் மட்டுமே என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், கிடைக்கும் லாபம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதோடு நைட்ரோ கூடினால் தீயும் முந்தும். அதற்கேற்பக் குளிர்ந்த ரகப் பிளக் வேண்டும், சிலிண்டர் தலைக்கடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு சேர்த்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், நீடில்களை மறுபடி வைக்க வேண்டும். நீடிலில் உள்ள குறையை நைட்ரோ தீர்க்காது. வாசகர் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எரிபொருளில் இருக்கும் இன்னொரு பொருள் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நெருக்கமானது: விளக்கெண்ணெய். கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடைகளில் பிள்ளைகளுக்கு வாங்குவதும் இதே ஆமணக்கின் எண்ணெய்தான். மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. அதற்காக யாரும் வீட்டில் எரிபொருள் கலக்க முயல வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். விற்பவரிடம் அனுமதி உண்டா என்று கேட்டு, முத்திரை உடையாத டப்பாவாக வாங்கி, பூட்டிவையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது மன்னிக்க முடியாத தவறு. கையில் பட்டால் கழுவுங்கள். ஓட்டுவது திறந்த வெளியில் மட்டுமே.

பராமரிப்பில் மூன்று சங்கதிகள். முதலாவது, ஓட்டி முடித்ததும் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சினில் மிச்சம் இருப்பதை எரித்துத் தீர்த்து, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு விட்டுச் சுழற்றுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்து அமிலம் மிச்சம் வைக்கும், சென்னைக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். பின்பக்க பேரிங் முதலில் துருப்பிடிக்கும். இரண்டாவது, பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து எடுத்துவையுங்கள். பிஸ்டன் ஓடும் பித்தளை ஸ்லீவ் மேல்முனையில் வேண்டுமென்றே குறுகலாகச் செய்யப்பட்டிருக்கும். சூடேறும்போது பித்தளை பிஸ்டனைவிடக் கூடுதலாக விரிந்து சரியான இடைவெளி தரும். ஆறும்போது பிஸ்டன் மேலே மாட்டியிருந்தால் அந்தக் குறுகல் நாளடைவில் தளர்ந்துவிடும். மூன்றாவது, பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்டாதீர்கள். மணலின் குவார்ட்ஸ் துகள் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். எண்ணெய் தடவாத ஏர் ஃபில்டர் வழியே ஒரு சிட்டிகை போனாலும் பிஸ்டன் கீறிப்போகும்.

வேகம் மட்டும் வேண்டுமென்றால் லித்தியம் பாட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் உள்ள மின்சாரக் காரே நல்லது. சத்தம் இல்லை, புகை இல்லை, நீடிலும் இல்லை. ஆனால் வினையூக்கி, வெப்ப விரிவு, வாயு விதி, ஆவியாதலின் வெப்பம் ஆகிய நான்கையும் உள்ளங்கை அகல உலோகத்தில் தொட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த பாடக்கருவியை நான் கண்டதில்லை. தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் போன்ற இடங்களின் ஆய்வகங்களில், ஆசிரியர் மேற்பார்வையில், இப்படி ஓர் எஞ்சின் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வாசகர் மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும். நீடிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எத்தனை சுற்று, எந்தப் பக்கம், அன்றைய வெப்பநிலை என்ன, ஈரப்பதம் என்ன என்று அவன் எழுதிவரட்டும். ஒரு வருடம் எழுதினால் எந்த மாதத்துக்கு நீடில் எங்கே நிற்க வேண்டும் என்று அவனே கடைக்காரருக்குச் சொல்வான்.