மலர்த் துளிகள் மனப்புண்ணை ஆற்றுமா?

ஒரு சொல் கடுமையாக விழுந்தால் சிலருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அடுத்த வீட்டில் சண்டை என்றால் இவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். இப்படிப்பட்டவர்களை நம் சுங்கை சிப்புட் பக்கம் தொட்டாற்சிணுங்கி என்பார்கள். இன்னும் இரக்கமற்றவர்கள், "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரிப்பார்கள். ஈப்போவுக்கும் நமக்கும் நடுவே அந்த ஊரில் 1911 முதல் இயங்கும் மனநல மருத்துவமனை, தோட்டத்து லயங்களில் ஒரு வசவாகவே மாறிப்போனது. அந்த வசவுக்கு அஞ்சுகிறவருக்கு, யாருக்கும் தெரியாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய மலர் மருந்துப் பாட்டில் பெரிய ஆறுதலாகத் தெரிவதில் வியப்பில்லை.

பாட்டிலுக்குள் என்ன?

எட்வர்ட் பாக் (1886–1936) என்ற ஆங்கில மருத்துவர் 1930களில் வகுத்த முறை இது. மொத்தம் 38 மருந்துகள். பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். சிலவற்றைக் கொதிக்க வைப்பார்கள். அந்த நீரோடு பிராந்தி சேர்த்து, அதிலும் இரண்டே துளியை எடுத்து மறுபடி பிராந்தியில் கலப்பார்கள். பூவின் சத்தாக அளந்து சொல்ல அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

எளிதில் மனம் புண்படுகிறவர்களுக்கென்று பாக் நான்கைத் தனியாக ஒதுக்கினார். வேதனையைச் சிரிப்பால் மறைப்பவருக்கு அக்ரிமனி, மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவருக்குச் செந்தாரி, பிறர் பேச்சில் அடித்துச் செல்லப்படுபவருக்கு வால்நட், பொறாமையும் சந்தேகமும் அரிப்பவருக்கு ஹாலி. மனிதர்களைக் கூர்ந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி, பூ வேலை செய்கிறதா என்பதுதான்.

சோதனைகள் காட்டியது

ஜெர்மனியில் தேர்வு பயம் உள்ள 61 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மலர் மருந்து, மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் வெறும் துளிகள். இரு பிரிவிலுமே பயம் குறைந்தது. எந்தப் பிரிவும் மற்றதை மிஞ்சவில்லை. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை, தன்மேல் ஒருவர் அக்கறை காட்டுகிறார் என்ற உணர்வு, நாள் போகப் போகத் தானே தணியும் பதற்றம் எல்லாம் அந்தக் குறைவில் அடங்கும். இஸ்ரேலில் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளிடம் செய்த சோதனையிலும் வெறும் துளியே ஈடுகொடுத்தது.

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்சார்ட் எர்ன்ஸ்ட் இத்தகைய ஏழு ஆய்வுகளை 2010இல் ஒன்றாக அலசினார். வெறும் துளியோடு ஒப்பிட்ட எதிலும் மலர் மருந்து வெல்லவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அமெரிக்க ஆய்வொன்றில் மிகுந்த பதற்றமுள்ள சிலருக்கு மட்டும் பலன் தெரிந்ததாகச் சொல்வதுண்டு. மொத்தக் கணக்கில் தோற்றபின் ஒரு சிறு கூட்டத்தைத் தனியே பிரித்துப் பார்த்துக் கிடைத்த பலன் அது. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கெடுதல் உண்டா?

துளிகளால் நேரடிக் கெடுதல் பெரும்பாலும் இல்லை. ஆனால் பிராந்தி கலந்தது என்பதைக் குடியை நிறுத்தியவரும், மதக் காரணத்தால் மதுவைத் தொடாதவரும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஏற்கப்பட்ட துறைகளில் ஹோமியோபதி உண்டு. மலர் மருத்துவம் இல்லை. எந்தப் பாட்டில் வாங்கினாலும் MAL என்ற எழுத்துகளில் தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய கெடுதல் தாமதம். அடிக்கடி அழுகை வருவது சுபாவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தைராய்டு கோளாறு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலம், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. இவற்றைத் துளிகள் தொடாது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளும், தேவையென்றால் ரத்தப் பரிசோதனையும் அங்கேயே நடக்கும். எண்ணங்களைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்கு மலர்த் துளிக்கு இல்லாத ஆய்வு ஆதரவு உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடந்தாலோ, தூக்கமும் பசியும் போனாலோ கிளினிக்குக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555, பிஃபிரண்டர்ஸ் 03-76272929.